எக்ஸாம் பயத்துக்கு மொதத் தடவ கவுன்சிலிங் போறீங்களா? உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன்

கவுன்சிலிங் போறேன்னு சொன்னதும் எங்கம்மா கேட்ட மொதக் கேள்வி "எந்த காலேஜுக்குடி?"ன்றதுதான். அவங்க மேல தப்பில்ல, நம்ம ஊர்ல கவுன்சிலிங்னா இஞ்சினியரிங் சீட்டுக்கு ரேங்க் பாத்து காலேஜ் எடுக்கறது, எனக்கு அப்ப காலேஜ் முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு. டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 எழுதி எழுதி ஓஞ்சு போயிருந்தேன்.

மொதல்ல என் கதைய சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் பின்னாடி சொல்றது புரியும். 2022 ஜூலை 24, குரூப் 4. 7,301 இடம்னு அறிவிச்சிருந்தாங்க, 22 லட்சம் பேர் அப்ளை பண்ணியிருந்தாங்க, அந்த நம்பர மொத நாள் ராத்திரி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன், அதுவே தப்பு. ஹால்ல புக்லெட்ட பிரிச்சா மொதப் பக்கத்துல தமிழ் இலக்கணம், நான் நாலு பேருக்கு சொல்லிக் குடுத்த கேள்வி, விடை வரல. சரின்னு அடுத்ததுக்குப் போனா அதுவும் வரல. கை வேர்த்து ஓ.எம்.ஆர் ஷீட் நனஞ்சிடுமோன்னு கர்சீஃப வச்சு தொடச்சுக்கிட்டே முக்கால் மணி நேரம் ஓட்டிட்டேன். முடிச்சு வெளிய வந்து பஸ்ல ஜன்னலோர சீட் கெடச்சு உக்காந்தேன் பாருங்க, ஒவ்வொரு விடையா வரிசைல வந்து நிக்குது. அழுகை வரல, சிரிப்புதான் வந்துச்சு.

அடுத்த குரூப் 4 2024 ஜூன் 9ன்னு தேதி வந்தப்ப, ஒரு அக்கா சொல்லித்தான் போனேன். போனதுக்கப்புறம் என் படிப்பு வட்டத்துலேர்ந்து ஏழெட்டு பேர அனுப்பியிருக்கேன், அவங்கள்ல நீட் எழுதற பசங்களும் உண்டு, பேங்க் எக்ஸாம் ஆளுங்களும் உண்டு. எல்லாரும் போறதுக்கு முன்னாடி கேக்கற கேள்வி ஒண்ணுதான், "உள்ள என்னக்கா பண்ணுவாங்க?"

ஆள் தேடறது

எக்ஸாம் பயம், மனப்பயிற்சின்னு போர்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கறவங்க எல்லாரும் ஒண்ணு கெடையாது. சைக்யாட்ரிஸ்ட்ன்றவர் எம்.பி.பி.எஸ் படிச்ச டாக்டர், மாத்திரை எழுத முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டாங்க, பேசி, பயிற்சி குடுத்து சரி பண்றவங்க, அவங்களுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு நம்பர் இருக்கும், கேட்டா காட்டுவாங்க. கவுன்சிலர், கோச்சுன்ற பேர யாரு வேணா போட்டுக்கறாங்க, அதனால போன்லயே கூச்சப்படாம "என்ன படிச்சிருக்கீங்க மேடம், எக்ஸாம் பயத்துக்கு இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா"ன்னு கேட்டுடுங்க. நல்லவங்க கோவப்பட மாட்டாங்க. "மூணே சிட்டிங்ல பயம் ஜீரோ", "ஞாபக சக்தி பத்து மடங்கு", "இன்னிக்கே மொத்த பேக்கேஜும் கட்டினா தள்ளுபடி" இதுல ஏதாவது ஒண்ணு காதுல விழுந்தா போன வச்சிடுங்க.

காசு ஒரு பிரச்சினைனா மொதல்ல உங்க ஸ்கூல், காலேஜ்ல கவுன்சிலர் இருக்காங்களான்னு பாருங்க. மாவட்ட தலைமை அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு ஓ.பி இருக்கு, வெறும் சீட்டு போட்டுக்கிட்டு போகலாம், கூட்டம் இருக்கும், அவ்ளோதான். நான் தனியார்ல போனேன், ஒரு தடவைக்கு 800 ரூபா, ஒரு மணி நேரம்.

இன்னொண்ணு, தேதி. எக்ஸாமுக்கு ரெண்டு நாள் முன்னாடி போய் மொத சிட்டிங் உக்காராதீங்க. நிறைய பேர் அப்பதான் ஓடறாங்க. மொத சிட்டிங்ல மருந்து குடுத்து அனுப்பற மாதிரி ஒண்ணும் நடக்காது, கத்துக்கறத மாக் டெஸ்ட்ல, அதாவது மாதிரித் தேர்வுல போட்டு பழகறதுக்கு குறைஞ்சது ஆறு வாரமாவது வேணும்.

கையில என்ன எடுத்துட்டுப் போகணும்

பழைய கேள்வித்தாள். சத்தியமா இத விட உபயோகமான பொருள் வேற இல்ல. போன தடவ சொதப்பின எக்ஸாமோட புக்லெட்டோ, மாக் டெஸ்ட் பேப்பரோ, ஸ்கூல் பசங்கன்னா திருத்திக் குடுத்த ரிவிஷன் பேப்பரோ எதுவா இருந்தாலும் பரவால்ல. நான் போறப்ப அதக் கொண்டு போகல, ஏன்னா அத பீரோல துணிக்கு அடில ஒளிச்சு வச்சிருந்தேன், பாக்கவே புடிக்கல. எனக்கு கவுன்சிலிங் குடுத்த மேடம் மறுபடியும் போய் எடுத்துட்டு வர சொல்லல, போன்ல டவுன்லோட் பண்ணி பாத்தோம், ஆனா அதுல நான் பென்சில்ல போட்டிருந்த கிறுக்கல் இல்லாததால பாதி விஷயம் போச்சு.

அப்புறம் ஒரு வாரத்துக்கு எத்தன மணிக்கு தூங்கினீங்க, எத்தன காபி டீ குடிச்சீங்கன்னு ஒரு துண்டு பேப்பர்ல குறிச்சுக்கங்க. ஏதாவது மாத்திரை சாப்பிட்டா பேரு. வீசிங், தைராய்டு, ரத்தசோகைன்னு ஏதாவது இருந்தா அதையும் சொல்லணும், ஏன்னா படபடப்பு எல்லாமே பயத்தால வர்றது கெடையாது.

பேச்சு தயார் பண்ணிட்டுப் போகாதீங்க. நான் இன்டர்வியூக்குப் போற மாதிரி பாயிண்டு எழுதி மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன், ரெண்டாவது கேள்விலயே எல்லாம் வீணாப் போச்சு.

உள்ள போனதும்

படத்துல காட்டற மாதிரி படுக்கற சோஃபா எல்லாம் இல்லீங்க. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, தண்ணி ஜக்கு, டிஷ்யூ பெட்டி. மொத அஞ்சு பத்து நிமிஷம் ஃபாரம் நிரப்பறதுலயே போயிடும், பேரு, வயசு, எந்த எக்ஸாம், வீட்ல யார் யார். சில பேர் இருபது கேள்வி இருக்கற ஒரு தாள் குடுப்பாங்க, "எக்ஸாம் எழுதும்போது தோத்துப் போனா என்ன ஆகும்னு நெனப்பு ஓடுது" மாதிரி வாக்கியம் இருக்கும், எப்பவுமே, அடிக்கடி, சில நேரம், இல்லவே இல்லன்னு டிக் அடிக்கணும். இதுல பாஸ் ஃபெயில் கெடையாது. நல்ல பேர் வாங்கணும்னு கம்மியா டிக் அடிக்காதீங்க, நான் அடிச்சேன், மேடம் பாத்துட்டு "இவ்ளோ தைரியசாலி எதுக்கும்மா இங்க வந்தீங்க"ன்னு கேட்டாங்க.

நீங்க சொல்றது வெளிய போகாதுன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுவாங்க, முக்கியமான விதிவிலக்கு உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும்னும் சொல்வாங்க. பதினெட்டு வயசுக்கு கீழன்னா அப்பா அம்மா கையெழுத்து கேப்பாங்க, மொதல்ல எல்லாரையும் சேத்து உக்கார வச்சு பேசிட்டு அப்புறம் பெத்தவங்கள வெளிய உக்கார சொல்வாங்க. அப்ப சில அம்மாக்கள் எந்திரிக்கவே மாட்டாங்க. தயவு செஞ்சு எந்திரிச்சுடுங்கம்மா.

நிமிஷக் கணக்கு

இதுதான் மொத சிட்டிங்கோட முக்கியமான பகுதி, பாதி நேரம் இதுக்கே போகும். மெக்கானிக் கிட்ட வண்டிய விட்டா "சத்தம் எப்ப வருது, ஸ்டார்ட் பண்ணும்போதா, கியர் மாத்தும்போதா, பிரேக் புடிக்கும்போதா"ன்னு கேப்பாரே, அதே மாதிரிதான். எனக்கு பயம்ன்ற ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு உள்ள போனேன், மேடம் அத விடவே இல்ல. எப்ப? மொத நாள் ராத்திரியா, காலைலயா? கேட்டு வாசல்லயா? புக்லெட் கைக்கு வந்ததும் உடம்புல எந்த எடத்துல மொதல்ல தெரிஞ்சுது? வயிறா, நெஞ்சா, கையா? அப்ப மனசுல என்ன வாக்கியம் ஓடுச்சு, அதே வார்த்தைல சொல்லுங்க.

அதே வார்த்தைலன்னு கேட்டதும் எனக்கு வந்த வாக்கியம் "இதுவே வரல, மீதி 199 எப்டி வரும், அப்பா முகத்துல எப்டி முழிப்பேன்". சொல்லி முடிச்சதும்தான் எனக்கே தெரிஞ்சுது, ஒரு இலக்கணக் கேள்விக்கும் எங்கப்பா முகத்துக்கும் நடுவுல அஞ்சு செகண்டுதான் ஆகியிருக்கு.

மேடம் ஒரு வெள்ளப் பேப்பர்ல நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் உடம்பு, ஒரு பக்கம் நெனப்புன்னு பிரிச்சாங்க. வேர்வை, படபடப்பு, ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருக்கறதெல்லாம் ஒரு பக்கம், "அவ்ளோதான் போச்சு" எல்லாம் இன்னொரு பக்கம். இப்டி பிரிச்சுப் பாக்கற பழக்கம் 1967ல லீபர்ட், மோரிஸ்ன்ற ரெண்டு பேர் எழுதின ஆய்வுலேர்ந்து வருதாம், மார்க்க அதிகமா குறைக்கறது உடம்பு நடுக்கம் இல்ல, அந்த நெனப்பு ஓட்டம்தான்னு அதுக்கப்புறமும் பல ஆய்வுல வந்திருக்கு. காரணம் லேசானதுதான், கணக்கு போடறதுக்கு மூளைல இருக்கற கொஞ்சூண்டு எடத்துல அப்பா முகம் வந்து உக்காந்துடுச்சுன்னா கணக்குக்கு எடம் எங்க?

நீட் பசங்களுக்கு இந்த நிமிஷக் கணக்கு வேற மாதிரி வருது. நான் அனுப்பின ஒரு தம்பிக்கு பேப்பரப் பாத்து பயமே இல்ல, ஒன்றரை மணிக்கு கேட்டு மூடிடுவாங்கன்றதும், செக்கிங்ல நிறுத்தி தடவிப் பாக்கறதும், தன் பேனாவ கூட உள்ள விட மாட்டாங்கன்றதும்தான் பயம், ரெண்டு மணிக்கு எக்ஸாம் ஆரம்பிக்கும்போது ஆளு ஏற்கனவே ஓஞ்சிருப்பான். பிளஸ் டூ பசங்க நிறைய பேருக்கு பத்து மணிலேர்ந்து பத்து நிமிஷம் இருக்கற அந்த கேள்வித்தாள் படிக்கற நேரம்தான் கண்டம், எழுதவும் முடியாது, சும்மாவும் இருக்க முடியாது, தெரியாத கேள்வியா தேடித் தேடிப் படிப்பாங்க. எங்க கண்டம்னு தெரிஞ்சாதான் மருந்து அங்க வைக்க முடியும்.

மறந்து போச்சா, வரலையா

அடுத்தது கொஞ்சம் வலிக்கும். மேடம் கேட்டாங்க, "மொத இருபது கேள்விய இப்ப பாருங்க, எதெல்லாம் தெரிஞ்சும் வராம போச்சு, எதெல்லாம் நெஜமாவே தெரியாது?" மூணு கலர் ஸ்கெட்ச் பேனா. சரியா எழுதினது பச்ச, தெரிஞ்சும் விட்டது ஆரஞ்சு, தெரியவே தெரியாதது சிவப்பு. மொத இருபதுல ஆரஞ்சு பதினொண்ணு, பாத்தீங்களா நான் சொன்னேன்லன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் கூட. மீதி 180ஐ வீட்ல போய் போட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க.

வீட்ல போட்டேன், ஒளிச்சு வச்ச புக்லெட்ட எடுத்து. பச்ச 118. ஆரஞ்சு 31. சிவப்பு 51. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க்குன்னு வச்சா பயம் தின்னது 46.5 மார்க்கு, படிக்காம விட்டது தின்னது 76.5 மார்க்கு. ரெண்டு வருஷமா ஊரு பூரா "எனக்கு எல்லாம் தெரியும், ஹால்ல பயம், அதான் போச்சு"ன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். கணக்குப் பகுதி 25 கேள்வில 17 சிவப்பு, அத தொடவே இல்லன்றது எனக்கும் தெரியும், பயத்து மேல பழிய போட்டா அத பாக்க வேண்டியதில்ல, அவ்ளோதான் விஷயம். பயம் பொய்யில்ல, 46 மார்க்குன்றது குரூப் 4ல எக்கச்சக்கம். ஆனா அதுக்கு ஒரு அளவு இருக்குன்னு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

சில பேருக்கு இது தலைகீழா வரும், சிவப்பே இருக்காது, எல்லாம் ஆரஞ்சு. அவங்க இன்னும் படிக்கணும்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு வேண்டியது படிப்பு இல்ல, தூக்கம்.

அந்த ரூம்லயே ஒரு குட்டி எக்ஸாம்

எல்லாரும் மொத சிட்டிங்லயே இத பண்ண மாட்டாங்க, எனக்கு பண்ணாங்க. மொதல்ல மணிக்கட்டுல நாடி புடிச்சு பதினஞ்சு செகண்ட் எண்ண சொன்னாங்க, 21, நாலால பெருக்கினா 84. அப்புறம் பத்து கேள்வி, எட்டு நிமிஷம், போன்ல டைமர், மேடம் எந்திரிச்சு சூப்பர்வைசர் மாதிரி முதுகுக்குப் பின்னாடி நடக்க ஆரம்பிச்சாங்க, அந்த செருப்பு சத்தம் ஒண்ணே போதும். பாதில நிறுத்தி எண்ணினா 29, அதாவது 116. நாற்காலில உக்காந்து இருக்கேன், ஓடல ஆடல.

அங்கயே மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணி இழுக்கணும், ஏழோ எட்டோ எண்ணி மெதுவா விடணும், விடறதுதான் நீளமா இருக்கணும், ஏன்னா மூச்ச வெளிய விடும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். நெறைய பேர் பதட்டத்துல நல்லா இழுத்து இழுத்து விடறேன்னு வேகமா பண்ணி தலை சுத்தி இன்னும் பயந்துக்கறாங்க. அஞ்சு நிமிஷம் பண்ணி எண்ணினா 23, 92. "பாத்தீங்களா, 84க்கு வரல, வர வேண்டாம், 92லயும் எழுதலாம்"னு சொன்னாங்க. கொஞ்சம் படபடப்பு இருந்தா வேலை நல்லா ஓடும், ரொம்ப ஏறினாதான் கெடும்ன்றது 1908லேர்ந்தே பேசப்படற விஷயம், யெர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு பேர் எலிய வச்சு பண்ண சோதனைலேர்ந்து ஆரம்பிச்சது. எலிக்கும் டி.என்.பி.எஸ்.சிக்கும் என்ன சம்பந்தம்னு நானும் மனசுல நெனச்சேன், கேக்கல.

அவங்க பண்ணாதது

பயப்படாதீங்கன்னு சொல்லல. அத சொல்றதுக்குத்தான் வீட்ல, தெருல, கல்யாண வீட்லன்னு ஊரே இருக்கே. பாஸ் பண்ணிடுவீங்கன்னும் சொல்லல. பேனாவ சாமி படத்துகிட்ட வச்சு எடுத்துட்டுப் போவேன், திருநீறு பூசிப்பேன்னு சொன்னப்ப சிரிக்கவும் இல்ல, "நல்லது, அத அப்டியே வச்சுக்கங்க, ஆனா அந்தப் பேனா தொலஞ்சா என்ன பண்ணுவீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க.

மாத்திரை பத்தியும் பேச்சு வந்துச்சு. ஃபிரண்ட் ஒருத்தி புரோப்ரனலால் வாங்கிப் போட்டுக்க, கை நடுக்கம் நிக்கும்னு சொல்லியிருந்தா. அத டாக்டர் எழுதாம தொடாதீங்க, வீசிங் இருக்கறவங்களுக்கு அது மூச்சையே அடைச்சிடும். எனக்கு சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, அதனாலதான் ஃபாரத்துல இதெல்லாம் ஒழுங்கா எழுதுங்கன்னு சொல்றேன்.

வீட்டுப் பாடம்

கெளம்பறப்ப ரெண்டு மூணு வேலை குடுப்பாங்க, பத்து குடுத்தா அவங்க கிட்டயே "எது முக்கியம்"னு கேட்டு மூணா குறைச்சுக்கங்க. எனக்கு மூணு கலர் வேலை ஒண்ணு, தெனமும் ரெண்டு தடவ மூச்சு ஒண்ணு, பயம் இல்லாதப்பவே பண்ணி பழகணும், வெள்ளம் வந்தப்புறம் நீச்சல் கத்துக்க முடியாது. மூணாவது, வாரம் ஒரு முழு மாக் டெஸ்ட், மூணு மணி நேரம், 200 கேள்வி, வீட்ல இல்ல, லைப்ரரில நாலு பேருக்கு நடுவுல, காலைல ஒம்பதரைக்கு, நெஜ எக்ஸாம் நேரத்துக்கே. அதுல ஒரு விதி, மொதப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது, புரட்டிப் பாத்து கண்ண மூடிக்கிட்டு சொல்லக்கூடிய அஞ்சு கேள்விய மொதல்ல அடிச்சுட்டுதான் ஒண்ணாம் கேள்விக்கு வரணும், நம்பரப் பாத்து ஷேட் பண்ணணும், இல்லன்னா அது வேற கதை.

மாக்குக்கு முன்னாடி பத்து நிமிஷம் மனசுல ஓடற பயத்த எல்லாம் பேப்பர்ல கொட்டி எழுதற பயிற்சியும் சில பேர் குடுப்பாங்க. 2011ல சிகாகோ பல்கலைக்கழக ஆளுங்க சயின்ஸ் பத்திரிகைல எழுதினதுலேர்ந்து வந்தது இது. எனக்கு அது செட் ஆகல, எழுத எழுத புதுசு புதுசா பயம் வந்துச்சு, மேடம் சரி விடுங்கன்னுட்டாங்க. என்கூட படிக்கற தங்கச்சிக்கு அதுதான் கை குடுத்துச்சு.

மொத சிட்டிங் முடிச்சு வெளிய வந்தா பெருசா ஒண்ணும் மாறின மாதிரி இருக்காது, எனக்கு தலைவலிதான் இருந்துச்சு, 800 ரூபா தண்டமோன்னு கூட நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி படிக்க உக்காராதீங்க. பெத்தவங்க வண்டில ஏறினதும் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன"ன்னு ஆரம்பிக்காதீங்க, டிபன் வாங்கிக் குடுங்க, பையன் சொல்லணும்னு நெனச்சா அவனே சொல்லுவான்.

இது எல்லாமே எக்ஸாம சுத்தி மட்டும் இருக்கற பயத்துக்கு. வாரக் கணக்கா தூக்கமே இல்ல, சாப்பாடு எறங்கல, எக்ஸாம் இல்லாத நாள்லயும் நெஞ்சு அடச்சுக்குது, செத்துடலாம்னு நெனப்பு வருதுன்னா அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. 14416, டெலி மானஸ், காசு கெடையாது, ராத்திரி பகல் எப்ப வேணா தமிழ்லயே பேசலாம். இல்லன்னா 104. வீட்ல யார்கிட்டயாவது ஒருத்தர்கிட்ட வாய விட்டு சொல்லிடுங்க, அன்னிக்கே.

ரெண்டாவது சிட்டிங் வழக்கமா ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு வைப்பாங்க, அதுக்குள்ள ஒரு மாக்காவது எழுதியிருக்கணும், எழுதாம போனா பேச ஒண்ணும் இருக்காது. கலர் போட்ட புக்லெட்டையும் மாக் எழுதினப்ப எண்ணின நாடி நம்பரையும் எடுத்துட்டுப் போங்க. நான் போனப்ப மாக்ல 112 இருந்துச்சு, மொதப் பக்கத்துல ரெண்டு கேள்விதான் ஆரஞ்சு. மேடம் அத பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, சிவப்புப் பேனாவ எடுத்து கணக்குப் பகுதிய வட்டம் போட்டாங்க.